எப்படியோ மேலே வந்துவிடும் தண்ணீர் கேன்

கேள்வி: எனக்கு 34 வயது. உயரம் 170 செ.மீ., எடை 104 கிலோ. சென்னையில் லிஃப்ட் இல்லாத கட்டடத்தின் இரண்டாவது மாடியில் அம்மாவுடன் வசிக்கிறேன். எடைப் பயிற்சி தொடங்குவதற்காக எட்டு மாதங்களாகத் திட்டங்களை ஒப்பிட்டு வருகிறேன். வாரம் மூன்று நாள், ஐந்து செட் (இடையில் நிறுத்தாமல் செய்யும் சுற்று), செட்டுக்கு ஐந்து முறை என்னும் பார்பெல் திட்டமா, ஒவ்வொரு உடற்பகுதியாகப் பிரித்து வாரம் ஆறு நாள் செய்வதா, அல்லது முதலில் 15 கிலோ குறைத்துவிட்டு ஜிம்முக்குப் போவதா? அக்கறையில்லாதவன் என்று எண்ணிவிடாதீர்கள். சனிக்கிழமை காலை முழுவதும் இதற்கான வீடியோக்களைத்தான் பார்க்கிறேன். தண்ணீர் கேன் வந்து கீழே கிடப்பதுகூட எனக்குத் தெரிவதில்லை, 62 வயது அம்மாதான் எப்படியோ மேலே கொண்டுவந்துவிடுகிறார்.

பதில்: மூன்று திட்டங்களையும் விவரமாக எழுதிய நீங்கள், அம்மாவைப் பற்றி ஒரு வரியோடு நிறுத்திக்கொண்டீர்கள், அதிலும் 'எப்படியோ' என்று ஒரு சொல். உங்களுடையதைப் போன்ற கடிதங்கள் எனக்கு நிறைய வருகின்றன என்பதால், தொடக்கத்தில் குழப்பம் இயல்புதான் என்று தேற்றுவதில் இடத்தைச் செலவிடப் போவதில்லை. அந்த 'எப்படியோ' எப்படி என்று ஒரு நாளாவது படிக்கட்டில் நின்று பார்த்திருக்கிறீர்களா? எங்கள் குடியிருப்பில் அதே வயதுள்ள ஓர் அம்மா கேனை ஏற்றுவதை நான் பார்த்திருக்கிறேன். இரண்டு கைகளாலும் அதன் கழுத்தைப் பிடித்து, முழங்காலால் முட்டுக்கொடுத்து ஒரு படியில் வைப்பார். தானும் ஒரு படி ஏறி, குனிந்து, அடுத்த படிக்கு இழுப்பார். திருப்பத்தில் கேனைச் சுவரோரம் நிறுத்திவிட்டு, இடுப்பில் கை வைத்து மூச்சு வாங்கிக்கொண்டு நிற்பார். மாதவிடாய் நின்ற பிறகு பெண்களின் எலும்பு அடர்த்தி குறைந்துகொண்டே வரும். அப்படி மெலிந்த முதுகெலும்பு, குனிந்து கனம் இழுக்கும் ஒரு வேளையில் நசுங்கிவிடுவது எலும்பு மருத்துவர்களுக்குப் புதிதல்ல.

கேனில் இருப்பது 20 லிட்டர் தண்ணீர், அதாவது 20 கிலோ. நீங்கள் வீடியோக்களில் பார்க்கும் ஒலிம்பிக் பாரும், அதாவது பார்பெல்லின் நீண்ட இரும்புக் கம்பியும், முனைகளில் பிளேட் என்னும் எடைத் தட்டு எதுவும் மாட்டாத நிலையில், 20 கிலோதான்; பெண்கள் போட்டிக்கான பார் 15 கிலோ. வேலூரைச் சேர்ந்த பளுதூக்கும் வீரர் சதீஷ் சிவலிங்கம் 2014 கிளாஸ்கோ காமன்வெல்த் போட்டியில், 77 கிலோ பிரிவில், ஸ்னாட்ச் (ஒரே இழுப்பில் தலைக்கு மேல் தூக்குவது), கிளீன் அண்ட் ஜெர்க் (தோள் வரை தூக்கிப் பிறகு தலைக்கு மேல் ஏற்றுவது) இரண்டிலும் சேர்த்து 328 கிலோ தூக்கித் தங்கம் வென்றபோது கையில் பிடித்திருந்ததும் அந்த 20 கிலோ பாரைத்தான். நீங்கள் தூக்க நினைக்கும் அந்த எடை உங்கள் கட்டட வாசலுக்கே வந்து சேர்கிறது. அதை உங்களைப் பெற்றவர் தூக்குகிறார். வளர்ந்த மகன் வீட்டில் இருக்கும்போது தாய் கனம் சுமப்பதை நான் வெறும் மறதி என்று எடுத்துக்கொள்ள மாட்டேன். அவர் முகம் சுளிக்காமல் செய்கிறார் என்பதும் உங்களுக்குச் சமாதானம் ஆகாது. அந்தத் தலைமுறை அம்மாக்கள் எதற்கும் முகம் சுளிப்பதில்லை.

இனி திட்டம். வாரம் மூன்று நாள் திட்டத்தையே எடுத்துக்கொள்ளுங்கள். ஆறு நாள் பிரிப்பு ஏற்கெனவே பழகியவர்களுக்கானது. புதியவர் ஒரு நாள் தவறவிட்டால் வரிசை குலையும், இரண்டாவது வாரத்திலேயே கைவிட்டுவிடுவார். முதலில் 15 கிலோ குறைப்பேன் என்பது மூன்றிலும் மோசமான யோசனை, ஏனெனில் பயிற்சி இல்லாமல் உணவை மட்டும் குறைத்தால் கொழுப்போடு தசையும் சேர்ந்து கரையும்.

ஆனால் முதல் நாளே பாரைத் தோளில் வைக்க வேண்டாம். முதல் மாதம் 5 கிலோ டம்பெல் ஒன்றை நெஞ்சோடு அணைத்துப் பிடித்து, நாற்காலியின் விளிம்பு வரை உட்கார்ந்து எழுந்திருங்கள். வயிறு தொடையில் இடிக்கும் உடம்புக்கு அதற்குக் கீழே இறங்கும் ஸ்குவாட் பிறகு தானே வரும். புஷ்-அப்பைத் தரையில் செய்யாமல் சுவரிலும், பழகியபின் மேசை விளிம்பிலும் செய்யுங்கள். ஒரு கையால் டம்பெல்லை விலாவுக்கு இழுப்பது, இடுப்பை மடித்து முதுகு வளையாமல் தரையிலிருந்து எடை எடுப்பது ஆகிய இரண்டையும் சேர்த்துக்கொள்ளுங்கள். ஒவ்வொன்றும் மூன்று செட், செட்டுக்கு எட்டு முதல் பத்து முறை. கடைசி இரண்டு முறை சுலபமாக வந்தால் அடுத்த வாரம் எடையைச் சற்றே கூட்டுங்கள். பாருக்கு வந்தபின் ஒரு தடவைக்கு இரண்டரைக் கிலோவுக்கு மேல் கூட்ட வேண்டாம். குதிப்பதும் ஓடுவதும் இப்போது முழங்காலுக்கு ஆகாது, நடை போதும். 104 கிலோவை ஆண்டுக்கணக்கில் சுமந்த உங்கள் கால்களில் நீங்கள் நினைப்பதைவிட அதிக வலு இருக்கும்.

தொடங்குமுன் இரத்த அழுத்தத்தையும் சர்க்கரையையும் பரிசோதித்துவிடுங்கள். மூச்சை அடக்கிக்கொண்டு எடை தூக்கினால் இரத்த அழுத்தம் சட்டென்று எகிறும் என்பதால், எடை மேலே போகும்போது மூச்சை வெளியே விடப் பழகுங்கள். முதல் சில வாரங்களில் எடை இயந்திரத்தின் முள் அசையாமல் இருந்தாலும் கவலைப்படாமல், தொப்புள் மட்டத்தில் டேப் வைத்து இடுப்பை அளந்து வாருங்கள். இந்திய ஆண்களுக்கு 90 செ.மீ. என்பது எல்லை.

எடை குறைவது பெரும்பாலும் தட்டில்தான் நடக்கும். அதற்காக ஓட்ஸ், கோழி நெஞ்சுக்கறி என்று அம்மாவைத் தனிச் சமையல் செய்ய வைக்காதீர்கள். வீட்டில் வைக்கும் அதே சாம்பார், அதே பொரியலில் சோற்றைப் பாதியாக்கி, பருப்பையும் காயையும் கூட்டி, சுண்டலோ முட்டையோ சேர்த்துக்கொள்வது போதும். முட்டையை நீங்களே வேகவைத்துக்கொள்ளலாம்.

வாரம் மூன்று நாள் வீதம், நீங்கள் ஒப்பிட்டுக்கொண்டிருந்த எட்டு மாதங்களில் ஏறக்குறைய நூறு நாள் பயிற்சி முடிந்திருக்கும். வரும் சனிக்கிழமை கேன் போடுபவரின் சத்தம் கேட்டதும் கைப்பேசியை வைத்துவிட்டு இறங்குங்கள். முழுக் கேனையும் ஒரே மூச்சில் ஏற்ற வேண்டாம். பாதியைக் குடத்தில் ஊற்றி இரண்டு நடையாகக் கொண்டுவாருங்கள், ஒரு கை படிக்கட்டின் கைப்பிடியில் இருக்கட்டும். நீங்கள் இறங்குவதைக் கண்டதும் 'உனக்கு எதுக்குப்பா' என்று அம்மா தடுப்பார், அதைக் கேட்காதீர்கள். மூன்று மாதம் கழித்து உங்கள் இடுப்பளவை எனக்கு எழுதுங்கள். அம்மாவின் முதுகுவலியைப் பற்றியும் அவரிடம் கேட்டு எழுதுங்கள். முதுகு வலிக்கவில்லை என்று அவர் உடனே சொன்னால், இன்னொரு முறை கேளுங்கள்.