லாக் நிலையாக நிற்காதபோது ஷிம்மைத் தொடலாமா?

கேள்வி: எங்கள் துறையிலுள்ள 400 மெகாஹெர்ட்ஸ் என்.எம்.ஆர். (அணுக்கருக் காந்த ஒத்திசைவு) கருவியில், டியூட்டீரிய குளோரோஃபார்மில் கரைத்த மாதிரியை வைத்தால், லாக் (புலத்தை நிலையாகப் பிடித்து வைக்கும் ஏற்பாடு) மட்டம் ஓரிடத்தில் நிற்காமல் மெதுவாக ஏறி இறங்குகிறது. ஷிம் செய்யச் செய்ய (அதாவது, காந்தப் புலத்தைச் சீராக்கச் சீராக்க) நிறமாலைக் கோடுகள் மேலும் அகலமாகின்றன. காந்தம் பழுதாகிவிட்டதா?
– ஆய்வு மாணவி ஒருவர்

பதில்: காந்தத்தைக் கடைசியில் சந்தேகித்தால் போதும். மீக்கடத்துக் காந்தத்தின் புலம் ஒரே திசையில் மிக மெதுவாக நகருமே தவிர, நீங்கள் சொல்வதுபோல் ஊசலாடுவதில்லை.

கரைப்பானிலுள்ள டியூட்டீரியத்தின் சைகையை, உங்கள் கருவியில் சுமார் 61.4 மெகாஹெர்ட்ஸில், இடைவிடாமல் கவனித்துப் புலத்தின் நகர்வை ஈடுசெய்வதே லாக்கின் வேலை. கையால் ஷிம் செய்யும்போது நாம் அளவுகோலாகக் கொள்வதும் இதே லாக் மட்டத்தைத்தான். அது தானாகவே ஏறி இறங்கும் வேளையில் Z1, Z2 போன்ற ஷிம் சுருள்களின் மதிப்புகளை மாற்றினால், மட்டம் உயர்ந்தது நம் திருத்தத்தாலா, தற்செயலாகவா என்று பிரித்தறிய வழியில்லை. உங்கள் கோடுகள் அகலமாவதற்கு இதுவே காரணமாக இருக்கக்கூடும். தானியங்கி ஷிம் ஓடிக்கொண்டிருந்தால் அதையும் உடனே நிறுத்திவிடுங்கள்.

முதலில் லாக் பவரை, அதாவது டியூட்டீரியத்துக்குச் செலுத்தும் ரேடியோ அலையின் வலிமையை, பாருங்கள். டியூட்டீரிய குளோரோஃபார்மின் சைகை அசிட்டோன்-டி6 அளவுக்கு எளிதில் தெவிட்டாது என்றாலும், பவர் மிகையானால் அதுவும் தெவிட்டி (saturation) மட்டம் அலைபாயும். பவரைச் சில டெசிபெல் குறைத்து, திரையில் தாழ்ந்த மட்டத்தை லாக் கெயினை (சைகைப் பெருக்கத்தை) கூட்டி மேலேற்றுங்கள். இரைச்சல் சற்று மிகுந்தாலும் ஊசலாட்டம் நின்றுவிட்டால் நோய் பிடிபட்டது. அதன்பின் லாக் கட்டத்தை (phase) சரிசெய்து, சேமித்து வைத்த ஷிம் கோப்பை ஏற்றிவிட்டு மீண்டும் தொடங்குங்கள்.

அப்படியும் அடங்காவிட்டால், கோட்டு வடிவச் சோதனைக்கான குளோரோஃபார்ம்–அசிட்டோன் தரக் குழாயை வைத்துப் பாருங்கள். அது ஒழுங்காக நின்றால் குற்றம் உங்கள் குழாயில்தான். 5 மி.மீ. குழாயில் கரைசல் ஏறத்தாழ 4 செ.மீ. உயரத்துக்காவது நிற்க வேண்டும். கரைப்பானை மிச்சப்படுத்துகிறோம் என்று குறைத்து ஊற்றுபவர்கள் Z4-உடன் அரை நாள் மல்லுக்கட்டுவதைப் பல ஆய்வகங்களில் காணலாம். கரையாத துகள் மிதந்தால், பாஸ்டர் பிப்பெட்டில் பஞ்சு அடைத்து வடிகட்டுங்கள்.

தரக் குழாயும் அலைந்தால், சுழற்சியை நிறுத்திப் பாருங்கள். குழாயைப் பிடித்துச் சுழற்றும் ஸ்பின்னரில் அழுக்கு இருந்தாலும் மட்டம் துடிக்கும். பிறகு லாக்கின் ஏற்ற இறக்கத்தைக் கடிகாரத்தோடு ஒப்பிடுங்கள். அறையின் ஏ.சி. ஓடி நிற்கும் இடைவெளியோடு அது பொருந்தினால் வெப்பநிலையே காரணம். கனநீர் மாதிரிகளில் இது இன்னும் தெளிவாகத் தெரியும், ஏனெனில் ஒரு டிகிரி மாறினாலே அதன் சைகை சுமார் 0.01 பி.பி.எம்., அதாவது உங்கள் புரோட்டான் நிறமாலையில் 4 ஹெர்ட்ஸ் அளவுக்கு இடம்பெயரும். ஒழுங்கின்றித் திடீர் திடீரெனத் தாவினால், அருகில் லிஃப்ட் ஓடுகிறதா என்று பாருங்கள்.

எதுவும் பிடிபடாவிட்டால், லாக்கையும், புலத்தை முன்பின் நகர்த்தும் ஸ்வீப்பையும் அணைத்துவிட்டு, தரக் குழாயின் ஒரே கோட்டைச் சில நிமிடங்களுக்கு ஒருமுறை ஒற்றைத் துடிப்பில் பதிவு செய்யுங்கள். கோடு முன்னும் பின்னும் தாவினால், அந்த நிறமாலைகளோடு சேவைப் பொறியாளரை அழையுங்கள். ஷிம் மின்வழங்கியைச் சோதிக்கும்படியும் கேளுங்கள்.