கடனை அவர் கட்டுவார் என்று எழுதினால் மட்டும் போதாது

சகோதரி, கூட்டு வீட்டுக்கடனை இனி கணவரே கட்டுவார் என்று விவாகரத்து ஒப்பந்தத்தில் எழுதிவிட்டு, வீட்டை அவர் பெயருக்கு மாற்றித் தரலாமா என்று கேட்டிருக்கிறீர்கள். தயவுசெய்து அவசரப்படாதீர்கள். அந்த ஒப்பந்தம் உங்கள் இருவரைத்தான் கட்டுப்படுத்தும், வங்கியை அல்ல. அவர் தவணை தவறினால் வங்கி உங்களையும் கேட்கும். கடனை ஒழுங்காகக் கட்டுகிறீர்களா என்று காட்டும் உங்கள் கிரெடிட் ஸ்கோரும் சேர்ந்தே சரியும்.

முதலில் அவர் கடனைத் தன் பெயருக்கு மட்டும் மாற்றட்டும். உங்களை விடுவித்த கடிதம் வங்கியிடமிருந்து கைக்கு வந்த பிறகே வீட்டை மாற்றித் தரும் பத்திரத்தில் கையெழுத்து. ஒரே சம்பளம் போதாதென்று வங்கி மறுப்பதும் உண்டு. அதனால், குறிப்பிட்ட தேதிக்குள் மாற்றாவிட்டால் வீட்டை விற்றுக் கடனை அடைப்பது என்ற வரியையும் ஒப்பந்தத்தில் சேருங்கள்.

குழந்தையின் படிப்பு, மருத்துவச் செலவை 'பகிர்வோம்' என்று மொட்டையாக விடாதீர்கள். யார் எத்தனை சதவீதம், ரசீது கொடுத்த எத்தனை நாளில் என்பதுவரை எழுதுங்கள்.