அடைப்புக்குறிக்கு முன்னால் கழித்தல்: விடை தப்பும் இடம் இதுதான்

கேள்வி: என் மகள் எட்டாம் வகுப்பு. வாய்பாடெல்லாம் ஒப்பிக்கிறாள், சமன்பாடு என்று வந்தால் விடை தப்பாகிறது. 'குறுக்குவழி' சொல்லித்தரும் மையம் ஒன்றில் வருடத்துக்கு 18,000 ரூபாய் மொத்தமாகக் கட்டச் சொல்கிறார்கள். அவள் போட்ட கணக்கை அனுப்பியிருக்கிறேன். சேர்க்கலாமா?

பதில்: பணம் கட்ட வேண்டாம். அவள் தாளில் தப்பு ஒரே ஒரு வரியில்தான் இருக்கிறது. அவள் எக்ஸ் என்று எழுதும் இடத்தில் நான் க என்று எழுதுகிறேன்.

கணக்கு இது: 7க − 3(க − 4) = 32.
அவள் எழுதிய அடுத்த வரி: 7க − 3க − 12 = 32.

அங்கேதான் தப்பு. 3-க்கு முன்னால் நிற்கும் கழித்தலையும் சேர்த்து −3 என்றே எடுத்து, அடைப்புக்குள் இருக்கும் இரண்டையும் அதனால் பெருக்க வேண்டும். −3-ஐ −4-ஆல் பெருக்கினால் +12. சரியான வரிகள்:

7க − 3க + 12 = 32
4க + 12 = 32
4க = 20 (இருபுறமும் 12 கழித்தோம்)
க = 5 (இருபுறமும் 4-ஆல் வகுத்தோம்)

அவளுக்கு வந்த விடை 11. அதை முதல் வரியில் போட்டுப் பாருங்கள்: 77 − 21 = 56. 32 வரவில்லை. 5 போட்டால் 35 − 3 = 32. இந்தச் சோதனைக்கு அரை நிமிடம் போதும், ஆசிரியர் தேவையில்லை. எப்போதும் கணக்கில் கொடுத்த முதல் வரியிலேயே போட வேண்டும். நடுவில் ஒரு வரியில் போட்டால் அதற்கு முன் விட்ட தப்பு தெரியாது.

'அந்தப் பக்கம் போனால் குறி மாறும்' என்று சொல்லிக்கொடுப்பதுதான் எனக்குப் பெரிய மனக்குறை. அதை நம்பி 4க = 20 என்பதில் க = 20 − 4 என்று எழுதும் பிள்ளைகள் ஏராளம். −4க = 20 வந்தால், குறியை மாற்றி 20-ஐ 4-ஆல் வகுத்து 5 என்பார்கள். சரியான விடை −5. எதுவும் அந்தப் பக்கம் போவதில்லை. இருபுறமும் ஒரே வேலையைச் செய்கிறோம், அவ்வளவுதான். 9-ஆம் நூற்றாண்டில் பாக்தாத்தில் கணித அறிஞர் அல்-குவாரிஸ்மி எழுதிவைத்த முறையிலும் கழிந்து நிற்பதை இருபுறமும் கூட்டித்தான் சரிசெய்கிறார்கள். 'இருபுறமும்' என்று அவள் வரிக்கு வரி அடைப்பில் எழுதட்டும்.

இதில் ஒரு விலக்கு உண்டு. இருபுறமும் க-ஆல் வகுக்கக் கூடாது. 3க = 7க என்று வந்தால் க-வை அடித்துவிட்டு, 3 = 7, 'கணக்கே தப்பு' என்று விட்டுவிடுவார்கள். கணக்கு தப்பில்லை. இருபுறமும் 3க கழித்தால் 0 = 4க, ஆகவே க = 0. அடித்தபோது பூச்சியத்தால் வகுத்துவிட்டார்கள், அது கூடாது. க என்பது வயதோ விலையோ, பூச்சியமாக இருக்கவே முடியாது என்று கணக்கே சொன்னால் வகுக்கலாம். சொல்லாவிட்டால், கழித்து ஒரு பக்கம் சேர்ப்பதே பத்திரம்.

பின்னம் வந்தால் மீச்சிறு பொது மடங்கால் (கீழே நிற்கும் எண்கள் எல்லாவற்றாலும் மீதியின்றி வகுபடும் மிகச் சிறிய எண்) எல்லா உறுப்பையும் பெருக்க வேண்டும். க/2 + க/3 = 10 என்பதில் 6-ஆல் பெருக்கினால் 3க + 2க = 60, க = 12. வலப்பக்க 10-ஐ மறந்தால் விடை 2 ஆகிவிடும்.

பள்ளியில் விடைக்கு மேல் ஒரு பெருக்கல் குறி போட்டுத் திருப்பித் தருகிறார்கள். எந்த வரியில் சறுக்கினாள் என்று அடிக்கோடு இடுவதில்லை. பாடத்தை முடிக்கும் அவசரம் ஆசிரியர் கழுத்தில் கத்தியாக இருக்கிறது, நட்டம் பிள்ளைக்கு. பொதுத்தேர்வில் படிநிலைக்கு மதிப்பெண் உண்டு. குறுக்குவழியில் விடையை மட்டும் எழுதிப் பழகியவர்களுக்கு அந்த மதிப்பெண் போய்விடும்.

அதையும் மீறி டியூஷன் வேண்டுமென்றால் மாதச் சம்பளம் வாங்கும் இடமாகப் பாருங்கள். சேர்க்கும் முன் அங்கே படிக்கும் ஒரு பிள்ளையின் திருத்திய நோட்டைக் காட்டச் சொல்லுங்கள். தப்பான வரியில் சிவப்பு மை இல்லையென்றால் வேறு இடம் பாருங்கள்.