டி.பி.எஸ். ஆபரேஷனுக்கு அப்பா தகுதியா? நரம்பியல் மருத்துவர் பதில்கள்

பார்க்கின்சன் பற்றி வந்த கேள்விகளில், மூளைக்குள் மின்கம்பி பொருத்தும் டி.பி.எஸ். அறுவை சிகிச்சைக்கு முந்தைய பரிசோதனைகள் பற்றியவற்றை மட்டும் இம்முறை எடுத்துக்கொண்டேன்.

அப்பாவுக்கு 64 வயது, ஒன்பது வருடமாகப் பார்க்கின்சன். பரிசோதனைக்கு வரும்போது முந்தின ராத்திரியிலிருந்தே மாத்திரையை நிறுத்தச் சொல்கிறார்கள். மாத்திரை இல்லாவிட்டால் கட்டிலை விட்டு எழவே மாட்டார். எதற்கு இந்த வதை?

வதைதான், மறுக்கவில்லை. ஆனால் எத்தனை ஸ்கேன் எடுத்தாலும் இந்த ஒரு காலைப்பொழுது சொல்வதை வேறு எதுவும் சொல்லாது.

சுமார் 12 மணி நேரம் மாத்திரை இல்லாமல் இருந்தபின் அவரை விரலைத் தட்டச் சொல்வோம், கையை மூடித் திறக்கச் சொல்வோம், நாற்காலியிலிருந்து எழுந்து நடந்து திரும்பச் சொல்வோம். பின்னால் நின்று தோளை இழுத்து, சமாளிக்கிறாரா என்று பார்ப்போம். ஒவ்வொன்றுக்கும் மதிப்பெண் உண்டு. கூடினால் சிரமம் அதிகம் என்று பொருள். பிறகு வழக்கமான காலை டோஸையோ அதைவிடச் சற்றுக் கூடுதலாகவோ பார்க்கின்சனுக்கான முக்கிய மருந்தான லெவோடோபா கொடுத்து, அது நன்றாகப் பிடித்ததும் எல்லாவற்றையும் திரும்பச் செய்யச் சொல்வோம். மதிப்பெண் குறைந்தது 30 சதவீதமாவது இறங்க வேண்டும் என்பது பரவலாக உள்ள அளவுகோல்.

மாத்திரை பிடித்த நேரத்தில் அப்பா எப்படி இருக்கிறாரோ, ஏறக்குறைய அந்த நிலையைத்தான் ஆபரேஷன் நாளின் பெரும்பகுதிக்கும் நீட்டித்துத் தரும். அந்த நல்ல நேரத்திலும் கால் தரையில் ஒட்டிக்கொள்கிறது, தடுமாறி விழுகிறார், பேச்சு விளங்கவில்லை என்றால் அவற்றுக்கு இது தீர்வாகாது. பேச்சு இன்னும் கொஞ்சம் குழறவும் கூடும். நடுக்கம் மட்டும் விதிவிலக்கு. மாத்திரைக்கு மசியாத நடுக்கமும் கம்பிக்கு அடங்குவதுண்டு. பிரான்ஸின் கிரெனோபிளில் 1987-இல் பேராசிரியர் பெனபிட் இந்தச் சிகிச்சையைத் தொடங்கியதே நடுக்கத்துக்காகத்தான்.

அன்று வீட்டார் யாராவது கூடவே இருந்து இரண்டு நிலையையும் கண்ணால் பாருங்கள். அதன்பின் பல குடும்பங்கள் என்னிடம் கேள்வியே கேட்பதில்லை.

இன்னொன்று, பூனைக்காலி விதைப் பொடி சாப்பிடுகிறாரென்றால் மறைக்காமல் சொல்லுங்கள். 'நாட்டு மருந்துதானே' என்று விட்டுவிடுவார்கள். அதில் இருப்பதும் லெவோடோபாவேதான். பிரமிபெக்ஸால், ரோபினிரோல் போன்ற மற்ற பார்க்கின்சன் மாத்திரைகளை இன்னும் முன்னதாகவே நிறுத்த வேண்டியிருக்கலாம். அதை மருத்துவர் சொல்லட்டும். எந்த மாத்திரையையும் நீங்களாகத் திடீரென்று நிறுத்தக் கூடாது, அது ஆபத்து.

அம்மாவை உட்காரவைத்து மணிக்கணக்கில் கேள்வி கேட்டார்கள். 'எனக்கென்ன பைத்தியமா?' என்று அழுகிறார்.

பைத்தியத்துக்கான சோதனை இல்லை என்று முதலில் அவரிடம் சொல்லுங்கள். ஞாபகம், கவனம், திட்டமிடும் திறன் ஆகியவற்றைப் பார்ப்பார்கள். மறதிநோய் தொடங்கியிருந்தால் அறுவை சிகிச்சைக்குப் பின் குழப்பம் கூடக்கூடும். மூளையில் எந்த இடத்தில் கம்பி வைப்பது என்ற முடிவுக்கும் இந்த விவரம் கைகொடுக்கும்.

மனச்சோர்வு பற்றியும் கேட்பார்கள். அதை முதலில் சரிசெய்துவிட்டுத்தான் மேற்கொண்டு போக வேண்டும், ஏனென்றால் ஆபரேஷனுக்குப் பிறகு தற்கொலை எண்ணம் வந்தவர்கள் உண்டு. இல்லாத ஆட்கள் கண்ணுக்குத் தெரிவது, ஆன்லைன் ரம்மி, அடக்க முடியாத செலவு, இதெல்லாம் மாத்திரையால் வரக்கூடியவை. நம் வீடுகளில் இவற்றைச் சொல்லக் கூச்சப்படுகிறோம், ஆனால் கட்டாயம் சொல்ல வேண்டும். அம்மாவிடம் கேட்பதற்கு மகன் பதில் சொல்லும் பழக்கத்தையும் அன்று ஒரு நாள் விட்டுவிடலாம்.

எனக்கு நோய் கண்டுபிடித்து இரண்டு வருடம்தான் ஆகிறது. கையில் பணம் இருக்கிறது. 'பொறுங்கள்' என்கிறார் டாக்டர். வீணாகத் தள்ளிப்போடுகிறாரா?

இல்லை. பார்க்கின்சன் போலவே தொடங்கி, சில வருடங்களில் சுயரூபம் காட்டும் வேறு நோய்கள் உண்டு: பி.எஸ்.பி., எம்.எஸ்.ஏ. என்று எங்கள் வட்டாரத்தில் சொல்வோம். அவற்றுக்கு இந்த ஆபரேஷன் பயன்படாது. சீக்கிரமே செய்வது நல்லதா என்று ஆராய்ந்து 2013-இல் வெளியான ஐரோப்பிய ஆய்வில்கூட, குறைந்தது நான்கு வருடம் நோய் இருந்தவர்களைத்தான் சேர்த்தார்கள். மாத்திரை சீராக வேலை செய்யும்வரை அதுவே போதும். ஒரு டோஸ் அடுத்த டோஸ்வரை தாங்காமல் போகும்போதோ, மாத்திரை ஏறியதும் உடம்பு தானாக நெளிந்து ஆடத் தொடங்கும்போதோ பேச்சை ஆரம்பிக்கலாம்.

வயது 74. இனி வாய்ப்பில்லையா?

வயதை மட்டும் வைத்து மறுப்பதில்லை. ஆனால் மூளை சுருக்கம், இதயம், சர்க்கரை, ரத்தத்தை இளக்கும் மாத்திரை எல்லாவற்றையும் கூட்டிப் பார்ப்போம். மூளைக்குள் ரத்தக்கசிவு அரிது என்றாலும் இந்த வயதில் அதை லேசாக எடுத்துக்கொள்ள முடியாது.

ஆபரேஷன் செய்தால் நோய் குணமாகுமா?

ஆகாது. நோய் தன் போக்கில் போகும். மாத்திரை பலருக்குக் குறையும், முழுக்க நிற்பது அபூர்வம்.

முட்டிவலிக்கு வாரம் இரண்டு முறை பிசியோதெரபியில் டயாதெர்மி வைத்துக்கொள்கிறேன். பிறகும் தொடரலாமா?

கூடவே கூடாது. அந்த வெப்ப அலை கம்பி வழியாக மூளைக்குப் போய்த் திசுவைச் சுட்டுவிடும், உயிரே போகலாம். முட்டிக்குத்தானே என்று நினைக்காதீர்கள், உடம்பில் எங்கே வைத்தாலும் இதே ஆபத்துதான். கருவி பொருத்தியதும் தரும் அட்டையைச் சட்டைப்பையிலேயே வைத்திருங்கள். பிசியோதெரபிஸ்ட், பல் மருத்துவர், எம்.ஆர்.ஐ. எடுப்பவர் என்று எல்லோரிடமும் முதலில் அதைக் காட்டுங்கள். முட்டிக்கு வேறு வழி இருக்கிறதா என்று இப்போதே கேட்டு வைத்துக்கொள்வது நல்லது.