விளையாடும்போது கம்ப்யூட்டர் அணைந்து போகிறதே!

கேள்வி: ஆர்டிஎக்ஸ் 3070 கிராபிக்ஸ் கார்டும் ஐ5 12400எஃப் பிராசஸரும் வைத்திருக்கிறேன். கேம் தொடங்கிய சில நிமிடங்களில் கம்ப்யூட்டர் சட்டென்று அணைந்துவிடுகிறது. மின்சாரம் தரும் பெட்டியான எஸ்எம்பிஎஸ் 550 வாட். போதாதா?
– கல்லூரி மாணவர், தூத்துக்குடி

பதில்: கணக்குப்படி போதும் தம்பி. கார்டுக்கு 220, பிராசஸருக்கு அதிகபட்சம் 117, மற்றவற்றுக்கு 60 என்று வைத்தாலும் 400 வாட்தான். ஆனால் இந்தக் கார்டு சில மில்லி விநாடிகள் அதைவிட மிக அதிகமாக இழுக்கும். அதனால்தான் கார்டின் சிப்பைத் தயாரிக்கும் என்விடியா 650 வாட் எஸ்எம்பிஎஸ் கேட்கிறது.

முதலில் எஸ்எம்பிஎஸ் ஸ்டிக்கரில் 12 வோல்ட்டுக்கு எத்தனை ஆம்பியர் என்று பாருங்கள். என் தம்பி மகன் வாங்கிய மலிவான பெட்டியில் 550 என்று கொட்டை எழுத்து. உள்ளே 32 ஆம்பியர்தான். 12ஆல் பெருக்கினால் 384 வாட்! அப்படிப்பட்டதை நம்பி விலையுயர்ந்த கார்டை மாட்டவே வேண்டாம்.

புதியது வாங்கும்வரை, எம்எஸ்ஐ ஆஃப்டர்பர்னர் என்ற மென்பொருளில் கார்டின் பவர் லிமிட்டை 80 சதவீதத்துக்குக் குறையுங்கள். கார்டு 176 வாட்டுக்குள் நிற்கும்; வேகம் கொஞ்சம்தான் குறையும், சூடும் தணியும். அப்புறம் ஃபிரேம் ரேட்டை, அதாவது திரையில் நொடிக்கு வரும் படங்களின் எண்ணிக்கையை, 60க்குக் கட்டிவையுங்கள். நொடிநேர இழுப்பு இதனால் முழுவதும் போகாது, அதனால் இது தற்காலிக ஏற்பாடுதான்.

வாங்கும்போது நல்ல 650 வாட் போதும், 1000 தேவையே இல்லை. '80 பிளஸ்' முத்திரை மின்சாரச் சிக்கனத்தை மட்டுமே சொல்லும், உள்ளிருக்கும் பாகங்களின் தரத்தை அல்ல. வாரண்டி எத்தனை வருடம் என்று கேளுங்கள். எக்காரணம் கொண்டும் பழைய எஸ்எம்பிஎஸ்ஸைத் திறக்காதீர்கள். பிளக்கைப் பிடுங்கிய பிறகும் கெப்பாசிட்டரில் மின்சாரம் தங்கியிருக்கும்.