வெல்ஃபேரை விட்டு வந்த அம்மாக்கள் கையில என்ன மிஞ்சுது?

கேள்வி இதான்: "அமெரிக்காவுல வெல்ஃபேரை விட்டுட்டு வேலைக்குப் போன சிங்கிள் மதர்ஸ் உண்மையிலேயே முன்னேறினாங்களா, இல்ல முன்னவிட கஷ்டப்படுறாங்களா?"

பெரும்பாலானவங்களுக்கு சம்பாத்தியம் கூடுச்சு, ஆனா கையில நிக்கிற காசு அந்த அளவுக்குக் கூடல, ஒரு பகுதி பேர் முன்னவிட கீழயும் போயிட்டாங்க. நான் ஓஹையோவுல இருக்கேன். டாக்ஸ் சீசன்ல வருமானம் கம்மியா இருக்கறவங்களுக்கு இலவசமா ஃபைல் பண்ணிக் குடுக்கற இடத்துல வாலண்டியரா உக்காருவேன், அங்க வர்றவங்கள்ல நிறைய பேர் தனியா பிள்ளை வளர்க்கற அம்மாக்கள், அதனால இந்தக் கேள்வியைப் பாத்ததும் பதில் எழுதாம போக மனசு வரல.

முதல்ல கொஞ்சம் பின்னணி. 1935ல இருந்து ஏழைத் தாய்மாருக்கு அரசாங்கம் மாசா மாசம் பணம் குடுத்துட்டு இருந்துச்சு, அதைத்தான் வெல்ஃபேர்னு சொல்வாங்க. 1996 ஆகஸ்ட் 22 அன்னிக்கு அதிபர் கிளின்டன் போட்ட கையெழுத்துல அது போய் டேனிஃப்னு ஒரு திட்டம் வந்துச்சு. வேலைக்குப் போயே ஆகணும், ஃபெடரல் பணத்துல வாழ்நாள் முழுக்க சேர்த்து 60 மாசம்தான், மாநிலங்கள் வேணும்னா அதையும் குறைச்சுக்கலாம் (அரிசோனா 2016ல அதை வெறும் 12 மாசமாக்குச்சு). பீட்டர் எடல்மன்னு அவர் நிர்வாகத்துலயே பெரிய பதவியில இருந்தவர் இந்தச் சட்டத்தை எதிர்த்து ராஜினாமாவே பண்ணினார். 1994ல சுமார் 50 லட்சம் குடும்பம் உதவி வாங்கிட்டு இருந்தது, 2000ல 22 லட்சம் பக்கம் வந்துடுச்சு. இந்த நம்பரைக் காட்டித்தான் திட்டம் ஜெயிச்சுடுச்சுன்னு இன்னிக்கும் பேசறாங்க. ஆனா லிஸ்ட்ல இருந்து பேர் போறதும் வறுமை போறதும் ஒண்ணு கிடையாது.

வெளிய வந்தவங்க என்ன ஆனாங்கன்னு அப்பவே நிறைய சர்வே எடுத்தாங்க. அர்பன் இன்ஸ்டிட்யூட்னு ஒரு ஆய்வு நிறுவனம் 1997ல எடுத்ததுல பத்துல ஆறு பேர் வேலையில இருந்தாங்க, நடுத்தரமா மணிக்கு 6.61 டாலர் சம்பளம், அந்த வருஷம் செப்டம்பர்லதான் மினிமம் வேஜ் 5.15 ஆச்சு. வேலை பாத்தவங்கள்ல நாலுல ஒருத்தருக்குக் கூட கம்பெனி ஹெல்த் இன்சூரன்ஸ் இல்ல. மூணுல ஒருத்தர் காசு இல்லாம சாப்பாட்டைக் குறைச்சிருக்காங்க. பத்துல மூணு பேர் திரும்ப வெல்ஃபேருக்கே வந்துட்டாங்க. அதுக்கும் முன்னாடியே ரெண்டு ஆய்வாளர்கள் சிகாகோ, பாஸ்டன், சான் அன்டோனியோ, சார்ல்ஸ்டன்னு நாலு ஊர்ல 379 அம்மாக்கள்கிட்ட உக்காந்து வரவு செலவைப் பைசா பைசாவா கேட்டிருக்காங்க. வேலைக்குப் போனவங்களுக்கு வருமானம் அதிகம்தான், ஆனா பஸ், துணிமணி, பிள்ளையைப் பாத்துக்கற ஆளு, டாக்டர் ஃபீஸ்னு செலவு அதைவிட வேகமா ஏறுது, கடைசியில வெல்ஃபேர்ல இருந்தவங்களைவிட வேலைக்குப் போனவங்கதான் அதிகமா பற்றாக்குறையில இருந்தாங்க.

90களோட கடைசியில நிலைமை நல்லா இருந்தது நிஜம், குழந்தைகள் வறுமை குறைஞ்சது, கல்யாணம் ஆகாத அம்மாக்கள்ல வேலைக்குப் போறவங்க ரொம்பவே கூடினாங்க. ஆனா அப்போ நாடு பூரா வேலை கொட்டிக் கிடந்தது, 2000ல வேலையில்லாதவங்க 4 சதவீதம்தான், கம்மி சம்பளத்துக்கு வேலை பாக்கறவங்களுக்கு டாக்ஸ் ரீஃபண்டாக் குடுக்கற இஐடிசினு சொல்ற டாக்ஸ் கிரெடிட்டை 1993ல பெருசாக்கியிருந்தாங்க, மினிமம் வேஜும் ஏறியிருந்தது. என்னைக் கேட்டா பெரும்பங்கு அதுனாலதான், 60 மாசக் கெடுவால இல்ல.

ஏன்னா அடுத்த அடி விழுந்தப்போ தெரிஞ்சுபோச்சு. 2008ல வேலை போச்சு, சாப்பாட்டுச் சாமான் வாங்க அரசாங்கம் குடுக்கற ஃபுட் ஸ்டாம்ப் உதவி வாங்கறவங்க 2.8 கோடியில இருந்து 2012க்குள்ள 4.6 கோடிக்கு மேல போயிட்டாங்க, ஆனா டேனிஃப் ஏதோ கொஞ்சம்தான் ஏறுச்சு. காரணம், மத்திய அரசு மாநிலங்களுக்குக் குடுக்கற தொகை வருஷம் 1650 கோடி டாலர்னு 1996லயே ஃபிக்ஸ் பண்ணிட்டாங்க, விலைவாசி எவ்வளவு ஏறினாலும் அதேதான். அந்தப் பணத்தையும் மாநிலங்கள் வேற வேற விஷயத்துக்குத் திருப்பிக்கலாம், இப்போ அம்மாக்கள் கையில ரொக்கமா போறது நாலுல ஒரு பங்கு பக்கம்தான். மிசிசிப்பில 7.7 கோடி டாலர் தப்பா செலவாயிருக்குன்னு 2021ல மாநில ஆடிட்டரே சொன்னார், அதுல ஒரு பகுதி யூனிவர்சிட்டில வாலிபால் ஸ்டேடியம் கட்டப் போயிருக்கு. அந்த மாநிலத்துல மூணு பேர் குடும்பத்துக்கு 2021 வரைக்கும் மாசம் 170 டாலர்தான் அதிகபட்சம். இதை நினைச்சா எனக்கு இப்பவும் வயிறு எரியுது.

அதனால வெளிய வந்த முதல் வருஷம் எப்படி இருந்தாங்கன்னு மட்டும் பாக்காதீங்க, ஷிஃப்ட் குறைஞ்சப்போ, பிள்ளைக்கு உடம்பு சரியில்லாம லீவு போட்டு வேலை போனப்போ என்ன ஆச்சுன்னு பாருங்க. எங்ககிட்ட வர்றவங்க ஒரே வருஷத்துல மூணு நாலு முதலாளிகிட்ட இருந்து சம்பள ஃபார்ம் கொண்டு வருவாங்க, ஒரு நர்சிங் ஹோம், ஒரு ஃபாஸ்ட் ஃபுட் கடை, ஒரு வேர்ஹவுஸ். பிள்ளையைப் பாத்துக்க ஆள் இல்லாம தானா நின்னுட்டா பல நேரம் அன்எம்ப்ளாய்மென்ட் பணமும் வராது.

சம்பளம் ஏறினாலும் முழுசா கைக்கு வராது. ஒரு டாலர் கூட வந்தா ஃபுட் ஸ்டாம்ப்ல 24 சென்ட் பக்கம் குறையும், அரசு வாடகை உதவி இருந்தா வாடகை 30 சென்ட் ஏறும், அதுக்கு மேல சம்பளத்துல பிடிக்கற வரி, ரெண்டு பிள்ளை இருந்து வருஷ வருமானம் 23,000 டாலர் பக்கம் தாண்டிட்டா இஐடிசியும் டாலருக்கு 21 சென்ட் குறைய ஆரம்பிக்கும். எல்லாம் ஒருத்தருக்கே சேர்ந்தா அந்த டாலர்ல பாதிக்கு மேல காணாம போயிடும். குழந்தை பாத்துக்கற சென்டருக்கு மட்டும் பல ஊர்ல மாசம் ஆயிரம் டாலருக்கு மேல, அதுக்குக் கிடைக்கற அரசு மானியம் நின்னுபோச்சுன்னா வேலையும் நின்னுபோகும்.

யாரும் அதிகம் பேசாத ஒரு நல்ல விஷயமும் இருக்கு. டேனிஃப் வாங்கற வரைக்கும் அப்பா கட்டற சைல்ட் சப்போர்ட்டைப் பெரும்பாலும் அரசாங்கமே எடுத்துக்கும், வெளிய வந்தபிறகுதான் மாசா மாசம் வர்றது அம்மா கைக்கு வரும். அவர் ஒழுங்கா கட்டினா அது பெரிய உதவி.

நான் பாத்தவரைக்கும் நிமிர்ந்து நின்னவங்க யாருன்னா, பிள்ளையைப் பாத்துக்க பாட்டி பக்கத்துல இருந்தவங்க, மாறாத ஷிஃப்ட் கிடைச்சவங்க, ஓடற கார் வச்சிருந்தவங்க, இல்ல நர்சிங் மாதிரி ஒரு லைசென்ஸ் வாங்கி முடிச்சவங்க. 2024 வருமானத்துக்கு ரெண்டு பிள்ளை உள்ள அம்மாவுக்கு இஐடிசி 6,960 டாலர் வரைக்கும் வரும். ஸ்கிரீன்ல ரீஃபண்ட் தொகையைக் காட்டினதுமே பாக்கி வாடகை, கரண்ட் பில், கார் டயர்னு அங்கேயே கணக்குப் போட ஆரம்பிச்சுடுவாங்க, சில பேர் அழுதும் இருக்காங்க. ரொக்கம் நேரா கைக்குப் போனா என்ன ஆகும்னு 2021ல நாடே பாத்துச்சு, சைல்ட் டாக்ஸ் கிரெடிட்டைக் கூட்டினப்போ குழந்தைகள் வறுமை 5.2 சதவீதம், நிறுத்தின அடுத்த வருஷம் 12.4.

நம்ம ஊர்ப் பொண்ணுங்களுக்காக ஒண்ணு சொல்லிடறேன். அதே 1996 சட்டத்தால கிரீன் கார்டு வாங்கினவங்கள்ல பெரும்பாலானவங்களுக்கு முதல் 5 வருஷம் டேனிஃப் கிடையாது, எச்4 விசாவுல (வேலை விசாவுல வந்த புருஷனைச் சார்ந்து குடுக்கற விசா) இருந்து புருஷனை விட்டு வந்தவங்களுக்கு டேனிஃபே கிடையாது, வேலை செய்ய உரிமையுள்ள சோஷியல் செக்யூரிட்டி நம்பர் இல்லேன்னா இஐடிசியும் இல்ல. தகுதி இருந்தும் ஃபைல் பண்ணாம விட்ட அம்மா யாராவது உங்களுக்குத் தெரிஞ்சா சொல்லுங்க, மூணு வருஷம் பின்னாடி வரைக்கும் ரீஃபண்ட் கேட்டு வாங்கலாம், இலவசமா செஞ்சு குடுக்கற இடம் பெரும்பாலும் பக்கத்து லைப்ரரிலயே இருக்கும்.