பால்சோற்றை முகர்ந்துவிட்டுப் போகும் நாய்

கேள்வி: தீபாவளிக்குச் சிங்கப்பூரிலிருந்து பேரப்பிள்ளைகள் வந்து மூன்று வாரம் தங்கினார்கள். எங்கள் நாய் மணிக்குத் தினமும் கறித்துண்டுதான். அவர்கள் கிளம்பிய மறுநாள் பழையபடி பால்சோறு வைத்தேன். முகர்ந்து பார்த்துவிட்டு முகப்பில் போய்ப் படுத்துக்கொண்டான். ஆறு வருஷமாகச் சட்டியைத் துடைத்து நக்கிய அதே பால்சோறு! உடம்புக்கு ஆகவில்லையா, திமிரா?
- ஒரு வாசகி, கோட்டையூர்

பதில்: ஆச்சி, முதலில் ஒன்று பார்த்துவிடுங்கள். ஒரு துண்டு கறியை நீட்டுங்கள். அதையும் தொடவில்லை என்றால் மாட்டு டாக்டரிடம் கூட்டிப் போங்கள். லபக்கென்று விழுங்கினால் நோயில்லை, திமிரும் இல்லை.

சிறுவயதில் எனக்கே இது நடந்தது. வீட்டில் ஒரு கல்யாணம் முடிந்து, பள்ளிக்கூடம் விட்டு வந்தால் கைக்கு இரண்டு மனகோலம் (செட்டிநாட்டு இனிப்புப் பலகாரம்) என்று பத்து நாள் ஓடியது. டின் காலியாகிக்கொண்டு வர, அப்பத்தா ஒன்றாகக் குறைத்தார். நான் வேண்டாம் என்று வீசிவிட்டு வளவுத் தூணில் சாய்ந்து உட்கார்ந்துவிட்டேன். அடுத்த வீட்டுப் பையனுக்கு எப்போதும் ஒன்றுதான். அவன் மென்றுகொண்டே போய்விட்டான்.

அந்தப் பையனைக் கவனியுங்கள், விஷயமே அவனிடம்தான் இருக்கிறது. அமெரிக்காவில் லியோ கிரெஸ்பி என்ற உளவியலாளர் 1942இல் வெளியிட்ட எலிச் சோதனையும் இதே மாதிரிதான். நீளப் பாதையின் கோடியில் தீனி, அதை நோக்கி எலி ஓடும் வேகத்தை அளந்தார். ஒரு கூட்டத்துக்கு எப்போதும் 16 உருண்டை, இன்னொன்றுக்கு 64, மற்றொன்றுக்கு 256. பிறகு எல்லோருக்கும் 16 ஆக்கினார். அதிகம் தின்று பழகிய எலிகள் 16க்கே பழகிய எலிகளின் வேகத்துக்கு இறங்கி நின்றிருக்கலாமே? இல்லை, அதற்கும் கீழே போய்விட்டன. தீனி ஒன்றே, கெடுத்தது நேற்றைய நினைப்பு.

எனக்கு அதைவிடப் பிடித்தது 1928இல் டிங்கிள்பா என்பவர் குரங்குக்குச் செய்த சோதனை. குரங்கு பார்க்கவே கிண்ணத்துக்கு அடியில் வாழைப்பழத்தை வைத்தார். பிறகு தட்டியால் மறைத்து, பழத்தை எடுத்துவிட்டு லெட்டூஸ் கீரையை வைத்தார். குரங்கு கிண்ணத்தைத் தூக்கியது, கீரையைத் தொடவில்லை. சுற்றுமுற்றும் தேடியது, சில தடவை ஆட்களைப் பார்த்துக் கத்தியும் தீர்த்தது. கீரையை மட்டுமே வைத்துக் காட்டிய நாட்களில் சமர்த்தாகத் தின்ற குரங்குதான் அது.

தேனீக்களும் இப்படிச் சுணங்குகின்றன. பொன்மீன்களோ தீனி குறைந்தாலும் அதே வேகத்தில் வருகின்றன. ஆக, மூளையின் அளவை வைத்துக் கணக்குப் போட முடியாது. நாய்களைப் பொறுத்தவரை, அர்ஜென்டினாவில் ஈரல் தின்று பழகியவற்றுக்கு உலர்தீனி கொடுத்தபோது ஆர்வம் சரிந்தது. வேறு சில சோதனைகளில் அவ்வளவு தெளிவாக வரவில்லை. உங்கள் மணி எந்தக் கட்சி என்பது தெரிந்துவிட்டது.

சரி, என்ன செய்யலாம்? நல்ல சர்க்கரைத் தண்ணீர் குடித்த எலிக்கு நீர்த்ததைக் கொடுத்தால் முதலில் ஒதுக்குகிறது, சில நாளில் சரியாகிவிடுகிறது. மணிக்கும் அவகாசம் கொடுங்கள். சட்டியைக் கால் மணி நேரம் வைத்து எடுத்துவிடுங்கள். மனசு கேட்காமல் கறியை நீட்டினால் அடுத்த வேளையும் அதைத்தான் எதிர்பார்ப்பான். இனி விருந்தாளி வந்தால், அவர்கள் கிளம்புவதற்கு ஒரு வாரம் முன்பே கறியைக் கொஞ்சம் கொஞ்சமாகக் குறைத்து வாருங்கள். எலிகளில் இப்படிப் படிப்படியாகக் குறைத்தபோது அந்தச் சரிவு தெரியவில்லை.

அப்புறம், நம் வீட்டுக் குழம்புக் கறி அவனுக்கு ஆகாது. வெங்காயமும் பூண்டும் நாய்க்கு விஷம். வெந்த எலும்பும் வேண்டாம், சிராய் சிராயாக உடைந்து குடலைக் குத்தும். பேரப்பிள்ளைகள் கேட்டால் மசாலா சேர்ப்பதற்கு முன்பே இரண்டு துண்டு கறியைத் தனியாக வேகவைத்துக் கொடுங்கள்.